குடும்பமாக க்விஸ் போட்டிக்குப் போகிறவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

ஆறு வருடமாக நாங்கள் வீட்டோடு க்விஸ் போட்டிகளுக்குப் போய்வருகிறோம். நான், என் கணவர், இப்போது பத்தாவது படிக்கும் மகள், எழுபத்தாறு வயதாகும் என் மாமனார். நாலு பேரும் சேர்ந்து ஒரு அணி. மூன்று பேர்தான் அனுமதி என்றால் முறை வைத்து ஒருவர் வெளியே உட்காருவோம். மகனுக்கு ஒன்பது வயது, அவனும் கூடவே வருவான். பக்கத்து வீட்டுக்காரர்களும், மகளின் தோழிகளுடைய அம்மா அப்பாக்களும், ஊரிலிருந்து போன் செய்கிற சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். சென்னையில் நடக்கும் போட்டிகளை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

குடும்பமாக வந்தால் சேர்த்துக்கொள்வார்களா? யார் வேண்டுமானாலும் போகலாமா?

‘ஓப்பன் க்விஸ்’ என்று போட்டிருந்தால் தாராளமாகப் போகலாம். வயது, படிப்பு, உத்தியோகம் எதுவும் கேட்கமாட்டார்கள். பள்ளி க்விஸ், கல்லூரி க்விஸ், கம்பெனி க்விஸ் என்று தனியாக நடப்பவற்றுக்குத்தான் அடையாள அட்டை வேண்டும். ஓப்பன் என்றால் எட்டாவது படிக்கிற பிள்ளையும் ரிட்டையர் ஆன தாத்தாவும் ஒரே மேசையில் உட்காரலாம்.

நம் நாட்டில் இதற்கு நல்ல வரலாறு உண்டு. கல்கத்தாவில் ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் 1967-இல் நீல் ஓ’பிரையன் நடத்தியதுதான் இந்தியாவின் முதல் முறையான க்விஸ் என்று சொல்வார்கள். பெங்களூரில் கர்நாடக க்விஸ் சங்கம் 1983-இல் ஆரம்பித்தது. சென்னைக்காரர்களுக்கு க்விஸ் என்றதும் ஞாபகம் வருவது ஆகஸ்ட் 15. பல ஆண்டுகள் சுதந்திர தினத்தன்று மியூசிக் அகாடமியில் லேண்ட்மார்க் க்விஸ் நடந்தது. மூன்று மூன்று பேராக வந்து, கச்சேரி கேட்கிற அந்த நாற்காலிகளில் மடிமேல் தாளை வைத்து எழுதுவார்கள். அதை நடத்திய நவீன் ஜெயகுமார் தொழில்முறையில் கண் மருத்துவர். க்விஸ் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆசைக்காகச் செய்கிறவர்கள். அந்த ஆசை மேடையில் தெரியும்.

டி.வி.யில் வருகிற மாதிரி நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்களா?

மாட்டார்கள். 2000-இல் சரத்குமார் நடத்திய கோடீஸ்வரன், 2012-இல் சூர்யா நடத்திய நிகழ்ச்சி எல்லாம் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் தடவை கொஞ்சம் திகைப்பாக இருக்கும். இங்கே ஆப்ஷன் கிடையாது, லைஃப்லைன் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மூன்று பேர்தான் உங்கள் லைஃப்லைன்.

அதற்குப் பதிலாகக் கேள்விக்குள்ளேயே வழி வைத்திருப்பார்கள். நல்ல கேள்வி என்பது மனப்பாடம் செய்தவருக்கு மட்டும் தெரிகிற கேள்வி இல்லை, யோசித்தால் போய்ச் சேரக்கூடிய கேள்வி. ஒன்றைக் காட்டுகிறேன். “1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அதற்குக் காரணமானது தமிழில் ஒரு பேச்சுவழக்குச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. சாமர்த்தியமான, லேசில் பிடிபடாத ஆளை அப்படிச் சொல்வார்கள். அது என்ன?”

தேதியோ கம்பெனிப் பெயரோ எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் 1914 என்றால் முதல் உலகப் போர், துறைமுகம் என்றால் கப்பல், அதுவும் ஜெர்மன் கப்பலாக இருக்க வேண்டும் என்று கணவர் சொல்லிக்கொண்டே போனார். மாமனார் “எம்டன்” என்றார். எங்கள் மகன் எதையாவது ஒளித்துவைத்துவிட்டுச் சிரிக்கும்போதெல்லாம் “சரியான எம்டன்டா நீ” என்று அவனைக் கொஞ்சுவது அவர்தான். வீட்டில் தினமும் காதில் விழுகிற சொல் அது. அதற்குப் பின்னால் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் யாரும் பெரிய அறிவாளிகள் இல்லை. கல்லூரி அணிகளோடு மோத முடியுமா?

முடியும். கல்லூரி அணியில் மூன்று பேரும் ஒரே வயது, ஒரே மாதிரிப் படங்கள் பார்த்தவர்கள், ஒரே புத்தகங்கள் படித்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது நிறைய. ஆனால் ஒருவருக்குத் தெரியாதது பெரும்பாலும் மூவருக்குமே தெரியாது. குடும்ப அணிக்குள் அறுபது வருட இடைவெளி இருக்கிறது.

ஒருமுறை ஒரு இசைத்துணுக்கைப் போட்டு, “இதை அமைத்தவர் யார்?” என்று கேட்டார்கள். தம்பூராவும் வயலினும். முதல் இரண்டு நொடியிலேயே மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆல் இந்தியா ரேடியோ காலையில் ஒலிபரப்பை ஆரம்பிக்கும்போது வரும் இசை. அவருக்கு அது விடியற்காலை, விறகு அடுப்பு, பக்கத்து வீட்டு வால்வு ரேடியோ. இசை எது என்று அவர் சொன்னபிறகுதான் கணவருக்கு எங்கோ படித்தது ஞாபகம் வந்தது: ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு அடைக்கலம் தேடி வந்த யூத இசைக்கலைஞர் வால்டர் காஃப்மன். மாமனாருக்கு அந்தப் பெயர் தெரியாது. கணவருக்கு அந்த இசை அடையாளம் தெரியாது. பாதி விடை ஒருவரிடம், மீதிப் பாதி இன்னொருவரிடம். இருவரும் ஒரே வீட்டில் நாற்பத்தைந்து வருடமாக இருந்தும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

எங்கள் மகள் நாலாவது வகுப்பில் வந்தாள். படிக்கத் தெரிந்து, இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்காரப் பிடித்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

முதல் சுற்று எப்படி நடக்கும்?

அதை ‘பிரிலிம்ஸ்’ என்பார்கள். அரங்கில் வந்த அத்தனை அணிகளும் ஒரே நேரத்தில் எழுதும். இருபத்தைந்து முதல் நாற்பது கேள்வி வரை இருக்கும். திரையில் ஒவ்வொன்றாக ஓடும், க்விஸ் மாஸ்டர் வாசிப்பார், நீங்கள் தாளில் விடை எழுத வேண்டும். கடைசியில் விரும்பிய கேள்விகளை மறுபடி காட்டச் சொல்லிக் கேட்கலாம், நேரம் இருந்தால் காட்டுவார்கள். சில கேள்விகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். இரண்டு அணி சமமான மதிப்பெண் எடுத்தால், நட்சத்திரக் கேள்விகளில் அதிகம் எடுத்தவர்கள் முன்னே போவார்கள். ஆகவே அவற்றில் எதையும் காலியாக விடாதீர்கள். பிரிலிம்ஸில் தப்பான விடைக்குப் பெரும்பாலும் மதிப்பெண் குறையாது. தோன்றுவதை எழுதுங்கள்.

ஆறு அல்லது எட்டு அணிகள் பைனலுக்காக மேடைக்குப் போகும்.

ஒரு கேள்வியை நாலு பேரும் சேர்ந்து எப்படி யோசிப்பது? எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறோமே?

இதற்குத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். குடும்ப அணிகள் தோற்பது தெரியாததால் குறைவு, காதில் வாங்காததால்தான் அதிகம்.

எங்களுக்கு நடந்தது இது. இரண்டாவது வருடம். கேள்வி: “குரங்கினத்தில் சேராதது. ஆனாலும் மனிதரைப் போலவே விரல்ரேகை கொண்டது. கரடி என்று பலரும் தவறாகச் சொல்வார்கள். எந்த விலங்கு?” ‘கரடி’ என்ற சொல் காதில் விழுந்ததும் கணவர் “பாண்டா” என்றார். நானும் “ஆமா, பாண்டாதான்” என்றேன். மகள் அப்போது ஆறாவது. “கோலாம்மா” என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாக, “கோலா கரடின்னு சொல்வாங்கல்ல” என்றாள். அதற்குள் நான் பாண்டா என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடை கோலா. அன்று ஒரு மதிப்பெண்ணில் மேடை வாய்ப்பு போனது. மேடை போனதைவிட, அவள் இரண்டாவது தடவை குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெளியாட்கள் சொல்லியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். வீட்டுப் பிள்ளை என்பதால் கேட்கவில்லை.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு வழக்கம் வைத்தோம். இன்றுவரை மாற்றவில்லை. விடைத்தாளோடு ஒரு ரஃப் தாள் இருக்கும். யார் என்ன சொன்னாலும் முதலில் அது ரஃப் தாளில் ஏறும். சொன்னவரின் பெயருக்குப் பதில் ஒரு எழுத்து: தா, அ, ம. பக்கத்தில் எத்தனை உறுதி என்று ஒன்றிலிருந்து மூன்றுக்குள் ஒரு எண். “கோலா, ம, 3” என்று எழுதியிருந்தால் “பாண்டா, அ, 1” அதை அடித்திருக்க முடியாது. யார் பெரியவர் என்பதை விட்டுவிட்டு, யாருக்கு எவ்வளவு நிச்சயம் என்று பார்க்கிறோம்.

பேனாவும் இப்போது மகளிடம். பேனா வைத்திருப்பவர் எல்லோரையும் கேட்டாக வேண்டும், அதனால் யார் குரல் சின்னதாக இருக்கிறதோ அவரிடம் பேனா இருப்பது நல்லது. மாமனார் தானாகப் பேசமாட்டார். “தாத்தா, உங்களுக்கு என்ன தோணுது?” என்று அவள் ஒவ்வொரு கேள்விக்கும் கேட்பாள். ஒன்றும் தோன்றவில்லை என்றால் தலையை ஆட்டுவார். அந்த இரண்டு நொடி வீணில்லை.

‘கனெக்ட்’ என்கிறார்களே, அது என்ன?

சம்பந்தமில்லாததுபோல் தெரியும் மூன்று நாலு பொருளைக் கொடுத்து, அவற்றை இணைக்கும் இழை எது என்று கேட்பது. க்விஸில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஒருமுறை திரையில் மூன்று ஊர்: லாகூர், திருவானைக்காவல், சிதம்பரம். பார்த்த உடனே மாமனார், “திருவானைக்காவல் நீர், சிதம்பரம் ஆகாயம், பஞ்சபூதத் தலம்” என்றார். நல்ல யோசனைதான். ஆனால் லாகூர்? வாயு என்றால் காளஹஸ்தி, நெருப்பு என்றால் திருவண்ணாமலை. லாகூருக்கு அங்கே இடமில்லை. இந்த மாதிரி இடத்தில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும். மூன்றில் இரண்டு பொருந்துகிறதே என்று அதையே பிடித்துத் தொங்கக்கூடாது. பொருந்தாத ஒன்றைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும். லாகூரில் பிறந்தவர் யார் என்று மகள் யோசிக்க ஆரம்பித்தாள். அறிவியல் பாடத்தில் படித்த சந்திரசேகர் ஞாபகம் வந்தது, 1983-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். அவருடைய சித்தப்பா சி.வி. ராமன் திருவானைக்காவலில் பிறந்தவர், 1930-இல் நோபல். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 2009-இல் வேதியியல் நோபல். மூன்றும் நோபல் பரிசு வாங்கிய தமிழர்கள் பிறந்த ஊர்கள்.

கேள்வி அமைத்தவர் பஞ்சபூதப் பொறியை வேண்டுமென்றே வைத்தாரா, தானாக அமைந்ததா என்று கேட்க விட்டுப்போச்சு.

மேடையில் கேள்வி எப்படிச் சுற்றும்? பாதிப் பேருக்குக் கேள்வியே வரவில்லையே என்று தோன்றுகிறது.

முதல் கேள்வி முதல் அணிக்கு. தெரியவில்லை என்றால் இரண்டாவது அணிக்கு ‘பாஸ்’ ஆகும், இப்படியே போகும். நாலாவது அணி விடை சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி ஐந்தாவது அணியிலிருந்து ஆரம்பிக்கும். பாதிக்கு மேல் திசையைத் திருப்பிவிடுவார்கள். நன்றாக விடை சொல்லும் அணிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர்களுக்குப் புதுக் கேள்விகள் நிறைய வரும், அது அதிர்ஷ்டம்தான்.

இந்த அதிர்ஷ்டத்தைக் குறைக்கத்தான் ‘பவுன்ஸ்’ (pounce) என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பாய்ந்து பிடிப்பது என்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள். முறை உங்களுடையதாக இல்லாவிட்டாலும், விடை தெரியும் என்றால் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். சரியாக இருந்தால் மதிப்பெண், தப்பு என்றால் வெட்டு. எவ்வளவு கூட்டல், எவ்வளவு கழித்தல் என்பது போட்டிக்குப் போட்டி மாறும், ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார்கள். கேள்வியைச் சுற்றிவிடுவதற்கும் ஏறக்குறைய இதே உச்சரிப்பில் ஒரு ஆங்கிலச் சொல் (bounce) இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். முதல் தடவை மேடை ஏறியபோது இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டோம், ஆகவே தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வழக்கம்: ரஃப் தாளில் யாராவது மூன்று போட்டிருந்தால்தான் பாய்வோம். இரண்டு பேர் இரண்டு போட்டாலும் பாயமாட்டோம். இரண்டு சந்தேகம் சேர்ந்து ஒரு நிச்சயம் ஆகாது.

மாமியாருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவரைக் கூட்டிப்போவதில் அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. சென்னையில் பெரும்பாலான க்விஸ்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, அதில் எனக்கு வருத்தம் உண்டு. கேள்விக்குள் இருக்கும் விஷயம் நம் ஊர் விஷயமாக இருக்கும், அது தெரிந்தவர் அரங்கில் இருப்பார், மொழி ஒன்று நடுவில் நின்று மறைக்கும்.

அதற்கு ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். முழுக் கேள்வியையும் மொழிபெயர்க்க நேரம் இருக்காது. கேள்வியின் முடிச்சை ஒரே வரியில் காதோடு சொல்லுங்கள்: “அம்மா, கொல்லுப் பட்டறையில் காற்று ஊதுகிற பைக்குப் பெயர் என்ன?” “துருத்தி.” அவ்வளவுதான். சமையல், கோயில், விவசாயம், நகை, பழைய சினிமா, வைத்தியம், உறவுமுறை என்று இவற்றில் வரும் கேள்வி ஒவ்வொன்றையும் அவரிடம் கொண்டுபோங்கள். படம் காட்டும் சுற்றிலும் பாட்டுப் போடும் சுற்றிலும் மொழியே தேவையில்லை. பழைய பாடல்களின் இடையிசையைக் கேட்டே சொல்கிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு நடக்கும்போது டி.வி. முன்னால் உட்கார்ந்து பங்கெடுத்தவர்கள் அவர்கள்.

உங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ க்விஸ் வைக்கிறார்கள் என்றால், தமிழிலும் கேள்வியைத் திரையில் போடச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், போட்டார்கள். அந்த வருடம் பாட்டிமார்கள் மூன்று அணி சேர்த்தார்கள்.

வீட்டில் எப்படித் தயார் செய்வது? பொது அறிவுப் புத்தகம் வாங்கலாமா?

தலைநகரம், நாணயம் என்று பட்டியல் போட்ட புத்தகங்கள் வேலைத் தேர்வுக்கு உதவும். இங்கே அவ்வளவு உதவாது. பெயர் எப்படி வந்தது, யார் முதலில் செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்பவைதான் இங்கே கேள்வியாகும்.

நாங்கள் தயார் செய்வது நடக்கும்போதுதான். தீபாவளித் துணி எடுக்க தி. நகர் போயிருந்தோம். பாண்டி பஜார் என்றால் பாண்டிச்சேரியா என்று மகன் கேட்டான். நீதிக்கட்சித் தலைவர் சௌந்தரபாண்டியனார் பெயரில் வந்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். சரி, தி. நகர்? தியாகராய நகர், நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர். பக்கத்திலேயே பனகல் பூங்கா. பனகல் அரசர் நீதிக்கட்சி ஆட்சியில் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நடேசன் பூங்கா, அதே கட்சியின் டாக்டர் சி. நடேசனார். பை தூக்கிக்கொண்டு நடந்த அரை மணி நேரத்தில் ஒரு முழு கனெக்ட் கிடைத்துவிட்டது. பிள்ளைகள் அதை இனி மறக்கமாட்டார்கள், காலால் நடந்து கற்றது.

செய்தித்தாளை ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக்கொள்வதும் உண்டு. விளையாட்டு மகளுக்கு. குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சதுரங்க சாம்பியன் ஆனதும், வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் உலகத்திலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் அக்கா-தம்பி ஜோடி என்பதும் அவள் வழியாகத்தான் எங்களுக்கு வரும்.

நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால்?

கையைத் தூக்கி, மரியாதையாக, ஒரு தடவை சொல்லுங்கள். ஆதாரம் கையில் இருந்தால் காட்டுங்கள். பார்த்துவிட்டு மாற்றிக்கொள்கிற க்விஸ் மாஸ்டர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மாற்றவில்லை என்றால் உட்கார்ந்துவிடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள், நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செல்போன்?

அணைத்துப் பைக்குள். மேசைமேல் கவிழ்த்துவைப்பதும் வேண்டாம்.

கட்டணம், பரிசு எல்லாம் எப்படி?

பல போட்டிகள் இலவசம், சிலவற்றில் அணிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். பரிசு புத்தகக் கூப்பன், பணம், கோப்பை என்று மாறும். பரிசை நம்பிப் போகிற இடம் இல்லை இது.

கொண்டுபோக வேண்டியவை: இரண்டு பேனா, எழுத ஒரு அட்டை, தண்ணீர், பெரியவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி, ஒரு சால்வை. ஏ.சி. அரங்கில் நாலு மணி நேரம் உட்காருவது வயதானவர்களுக்குச் சிரமம். கழிப்பறைக்குப் பக்கமாக, ஓரத்து இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். திரை தெளிவாகத் தெரிகிறதா என்று தாத்தா பாட்டியை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள்.

தப்பு யாருடையது என்று வரும் வழியில் சண்டை வருகிறது. என்ன செய்ய?

எங்கள் வீட்டிலும் வந்தது. “நான் சொன்னேன், நீங்க கேக்கல” என்ற வாக்கியம்தான் எல்லாச் சண்டைக்கும் ஆரம்பம். ரஃப் தாள் வந்தபிறகு பாதி குறைந்தது. யார் எதைச் சொன்னார் என்பது எழுத்தில் இருக்கிறது. மீதியை இப்படிச் சரிசெய்தோம்: திரும்பி வரும்போது தவறவிட்ட கேள்விகளைப் பேசலாம், தவறவிட்ட ஆளைப் பேசக்கூடாது. என் கணவருக்குத்தான் இது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டார்.

மேடைக்குத் தகுதி பெறவில்லை. உடனே கிளம்பிவிடலாமா?

கிளம்பாதீர்கள். பிரிலிம்ஸ் முடிந்ததும் பாதி அரங்கு காலியாகும், அது எனக்கு எப்போதும் மனசுக்கு வருத்தமாக இருக்கும். நல்ல கேள்விகள் பைனலில்தான் வரும். மேடையில் எல்லா அணிகளும் விட்டுவிட்டால் கேள்வி பார்வையாளர்களுக்கு வரும். அணியில் இடம் கிடைக்காத சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் நேரம்.

போன வருடம் ஒரு போட்டியில் நாங்கள் தகுதி பெறவில்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கேள்வி: “சென்னை எழும்பூரில் ரயில் ஏறி, 1914-இல் திறந்த பாம்பன் பாலம் தாண்டி தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடலைக் கடந்து, மறுபடி ரயிலேறி கொழும்பு வரை போகலாம். 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடி வழியான அந்தப் பயணம் முடிந்தது. அந்த ரயிலை மக்கள் என்ன பெயரால் அழைத்தார்கள்?” முதல் அணி ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் என்றது. இன்னொரு அணி சேது என்றது. ஆறு அணியையும் சுற்றிவிட்டு, “ஆடியன்ஸ்?” என்றார் க்விஸ் மாஸ்டர்.

மாமனாரின் ஊர் பரமக்குடி. அவருடைய அப்பாவுக்குக் கொழும்பில் கடை இருந்தது. பத்து வயதில் அவரோடு தனுஷ்கோடி வரை போய்க் கப்பலைப் பார்த்த கதையை ராத்திரி படுக்கும்போது பேரனுக்குச் சொல்வார், எத்தனை தடவை என்று கணக்கில்லை. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவருக்கு விடை தெரியும், முகத்திலேயே இருந்தது. ஆனால் கையைத் தூக்கவில்லை. அவர் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் நாற்காலிமேல் ஏறி நின்று கையைத் தூக்கியிருந்தான்.

“போட் மெயில்!”

“உனக்கு எப்படிப்பா தெரியும்?” என்று மேடையிலிருந்து கேட்டார்.

“எங்க தாத்தா அதுல போயிருக்கார்” என்றான்.

ஒரு சாக்லேட் வந்தது. வீடு வந்து சேரும்வரை அதைப் பிரிக்கவில்லை. பாட்டியிடம் காட்டிவிட்டுத்தான் பிரித்தான்.